கோடு அழிந்த ஞாயிற்றுக்கிழமை

மஞ்சக்குப்பம் நில அளவை அலுவலகத்தில் இருபத்தொன்பது வருடம் வரைவாளராக இருந்தேன். புலப்படத்தில் நான் போட்ட கோட்டை யாரும் திருத்தியதில்லை. அந்த நினைப்புதான் என்னைக் கெடுத்தது.

2006 தை மாதக் கடைசியில் என் மனைவி தில்லையம்மாளுக்குச் சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கரண்டு வைக்க ஆரம்பித்தார்கள். கதிர்வீச்சு என்று எங்கள் பக்கம் யாரும் சொல்வதில்லை. இடது மார்பை எடுத்தாகிவிட்டது, ஊசி மருந்தும் முடிந்துவிட்டது, இனி கரண்டு மட்டும் பாக்கி என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தோம். இருபத்தைந்து நாள். திங்கள் முதல் வெள்ளி வரை. கடலூரில் காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால் ஒன்பதுக்குள் ஆஸ்பத்திரி வாசலில் இருக்கலாம்.

முதல் நாள் அவளை மேசையில் படுக்க வைத்து, இடது கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி, உடம்பில் இரண்டு கட்டங்கள் வரைந்தார்கள். காறை எலும்பை ஒட்டி ஒரு சின்னக் கட்டம். அதற்குக் கீழே, மார்பு இருந்த இடத்தில், ஒரு பெரிய கட்டம். வாய்ப்புண்ணுக்குத் தடவுவோமே, அந்த ஊதா மருந்தால்தான் கோடு போட்டார்கள். மேல் கட்டத்தின் அடிக்கோடுதான் கீழ்க் கட்டத்தின் தலைக்கோடு. இரண்டு பட்டாவுக்கு நடுவே ஒரே வரப்பு ஓடுவது போல.

மெஷின் ஓட்டுகிற அந்தோணிசாமி அவளிடம் சொன்னார்: "யக்கா, இருபத்தஞ்சு நாளைக்கு இந்த எடத்துல தண்ணி படக்கூடாது, சோப்பு படக்கூடாது, பவுடரு கூடாது. கோடு அழிஞ்சிது, டாக்டரு என்னைத்தான் அழிப்பாரு."

"குளிக்காம எப்பிடி தம்பி?"

"இடுப்புக்குக் கீழ ஊத்திக்க. மேல ஈரத்துணியால தொடச்சிக்க. அதுவும் கட்டத்துக்கு வெளியில. உன் வீட்டுக்காரரு சர்வே ஆபீஸாமே? பாத்துக்குவாரு."

நான் பார்த்துக்கொண்டேன். முதல் வாரத்திலேயே ஒரு நாள் சாயங்காலம், அவள் புடவை மாற்றிக்கொண்டு நின்றபோது, நூல் பிடித்து அந்தக் கட்டங்களை அளந்து என் நோட்டில் ஒரு படம் வரைந்தேன். யாரும் கேட்கவில்லை. பழக்கம். காறை எலும்பின் குழியிலிருந்து மேல்கோட்டுக்கு எவ்வளவு, அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று மில்லிமீட்டர் வரை எழுதினேன். தில்லை சிரித்தாள். "எனக்குப் பட்டா குடுக்கப் போறீங்களா மாமா?" என்று கேட்டாள்.

முதல் பத்து நாள் அவள் தோலில் ஒன்றுமே தெரியவில்லை. "வெயில்ல நின்ன மாதிரி கூட இல்ல. நெசமாவே வைக்கிறாங்களா?" என்று அவளே கேட்டாள். டாக்டரிடம் கேட்டேன். வயதானவர், குறைவாகப் பேசுவார். "தினமும் ஒரே அளவுதான் குடுக்குறோம். தோலு உள்ள வாங்கி வெச்சிக்கிட்டே இருக்கும். மூணாவது வாரம் காட்டும்" என்றார். மூன்றாம் நாளும் பதினெட்டாம் நாளும் எங்களுக்கு ஒன்றுதான், தோலுக்கு வேறு வேறு என்றார். எனக்கு அது சரியாக விளங்கவில்லை. எங்கள் ஆபீஸ் அளவுச் சங்கிலி முதல் தடவை அளந்தாலும் நூறாவது தடவை அளந்தாலும் நிலத்துக்கு ஒன்றும் ஆவதில்லை.

பத்தாவது நாள் முடிந்த சனிக்கிழமை புவனகிரியில் அவளுடைய பெரியப்பா சடையப்பன் இறந்துபோனார். தகப்பன் இல்லாத பெண்ணை வளர்த்தவர். போகாதே என்று சொல்ல முடியவில்லை. ஞாயிறு எடுத்தார்கள். நான் அங்கேயே தங்கி மற்ற காரியங்களைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி அவளை முன்னதாகப் பஸ் ஏற்றிவிட்டேன்.

சாவு வீட்டுக்குப் போய்வந்தவள் வீட்டுக்குள் எப்படி நுழைவாளோ அப்படித்தான் நுழைந்திருக்கிறாள். நேராகப் பின்கட்டுக்குப் போய், கட்டின புடவையோடு, தலையோடு குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். நாற்பது வருடப் பழக்கம். மூன்றாவது குடத்தில்தான் நினைவு வந்ததாம். குனிந்து பார்த்தால் தரையில் ஊதா நிறத்தில் தண்ணீர் ஓடியிருக்கிறது.

அன்று இருட்டும் நேரத்தில் நான் வந்தபோது முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். மேல் கட்டம் முழுவதும் போய்விட்டது. நடுக்கோடும் போய்விட்டது. வெள்ளிக்கிழமைதான் அந்தோணிசாமி கீழ்க் கட்டத்தின் பக்கக் கோடுகளையும் அடிக்கோட்டையும் தடிமனாகத் திரும்பப் போட்டிருந்தார். அவை மட்டும் மங்கலாக நின்றன.

"காலையில போயி சொல்லிடலாம் மாமா. திட்டுனா திட்டட்டும்."

"மார்க் பண்ற டாக்டரு புதன்கெழமதான் வருவாரு. மூணு நாளு போயிடும். நடுவுல விடக்கூடாதுன்னு சொன்னாங்களே."

"அதுக்கு என்னா பண்றது?"

நோட்டை எடுத்தேன். மருந்துக்கடையில் ஊதா மருந்து வாங்கி வந்தேன். என்னுடைய கோட்டுப்பேனாவைக் கழுவித் துடைத்தேன். ஆஸ்பத்திரியில் செய்வது போலவே செய்ய வேண்டும் என்று அவளைப் பாயில் படுக்க வைத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னேன். காறை எலும்பின் குழியிலிருந்து நூல் பிடித்தேன்.

"கூசுது."

"அசையாத."

"சொல்லிடலாம் மாமா. நமக்கு ஏன் இந்த வேல?"

"தில்லை, முப்பது வருசமா கோடுதான் போடறேன்."

நான் வரைந்த கட்டம் அவர்கள் வரைந்ததைவிட நேர்த்தியாக இருந்தது. மூலைகள் கச்சிதம். அகலமும் உயரமும் மில்லிமீட்டர் பிசகவில்லை.

திங்கட்கிழமை அந்தோணிசாமி மெஷின் விளக்கைப் போட்டுப் பார்த்தார். வெளிச்சம் என் மேல் கட்டத்துக்குள் அச்சாக உட்கார்ந்தது. கோணல்மாணலாகப் போட்டிருந்தால் அங்கேயே பிடித்திருப்பார். கீழ்க் கட்டத்துக்கு, அழியாமல் நின்ற பழைய பக்கக் கோடுகளையும் அடிக்கோட்டையும் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து சாய்ந்து, வளைந்த உடம்பின்மேல் விழும். அதன் ஓரம் எங்கே நிற்கிறது என்று கூர்மையாகத் தெரியாது. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

அந்த வாரமே தோல் சிவந்தது. எல்லோருக்கும் சிவக்கும் என்றார்கள். அடுத்த திங்கள் இரண்டு கட்டமும் கறுத்தன. அதுவும் எல்லோருக்கும் உண்டு என்றார்கள். ஆனால் இரண்டு கட்டங்களும் சேருகிற இடத்தில், குறுக்கே ஒரு விரல் அகலத்துக்கு மட்டும், தோல் கொப்பளித்து உரிந்து நீர் கசிந்தது. புதன்கிழமை, பதினெட்டாம் நாள், அவளால் ரவிக்கைத் துணியைப் பிரிக்க முடியவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருந்தவரின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்த மனிதர் திரும்பிப் பார்த்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்குக் கரண்டு வைத்து முடித்ததும் டாக்டர் வெகுநேரம் பார்த்தார். அந்தோணிசாமியைக் கூப்பிட்டார். பிறகு எங்களிடம் கேட்டார்.

"நடுவுல கோடு அழிஞ்சிதா? யாராச்சும் மறுபடி போட்டீங்களா?"

அந்தோணிசாமி சுவரோரம் நின்றார். தில்லை என்னைப் பார்த்தாள்.

"இல்ல சார்," என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது.

டாக்டர் தில்லையையும் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சில பேருக்குத் தோலு தாங்காதும்மா," என்று சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினார். பன்னிரண்டு நாள் நிறுத்தி வைத்தார்கள். பிறகு கட்டங்களைப் புதிதாக வரைந்து, மீதி ஏழு நாளையும் முடித்தார்கள்.

அந்தப் பன்னிரண்டு நாளில் ஒரு மத்தியானம் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் தெரிந்தது. நான் அளந்தபோது அவள் நின்றுகொண்டிருந்தாள், கை கீழே தொங்கிக்கொண்டிருந்தது. வரைந்தபோது படுத்திருந்தாள், கை தலைக்கு மேல் இருந்தது. கையைத் தூக்கினால் தோலும் கூடவே மேலே ஏறும். என் நெஞ்சில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, கண்ணாடி முன் நின்று கையைத் தூக்கி இறக்கிப் பார்த்தேன். ஒரு சென்டிமீட்டர். ஆக, நான் போட்ட மேல் கட்டம் அத்தனையும் ஒரு சென்டிமீட்டர் கீழே இறங்கியிருந்தது; அவர்கள் போட்ட கீழ்க் கட்டம் இருந்த இடத்திலேயே இருந்தது. மேல் கட்டத்துக்கு வைத்ததும் கீழ்க் கட்டத்துக்கு வைத்ததும் அந்த ஒரு சென்டிமீட்டரில் ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருக்கின்றன. எட்டு நாள்.

அவள் விழித்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். விழித்தாள். தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன்.

புண் ஆறியது. கறுத்த தோல் உதிர்ந்து, மற்ற இடமெல்லாம் இரண்டு வருடத்தில் பழைய நிறத்துக்கு வந்தது. அந்தப் பட்டை மட்டும் வெளுத்து, மினுமினுத்து, சிவப்பு நூல் இழைகள் ஓடினது போல நரம்பு தெரிய, கெட்டியாகிவிட்டது. அது இழுத்துப் பிடித்ததால் இடது கை தோளுக்கு மேல் ஏறவில்லை. குளிக்கும்போது முதுகுக்குத் தண்ணீர் ஊற்ற என்னைக் கூப்பிடுவாள். நான் போய் ஊற்றுவேன். அந்தப் பட்டையைப் பார்க்காமல் ஊற்றப் பழகிக்கொண்டேன்.

யாராவது விசாரித்தால் தில்லை சொல்வாள்: "எல்லாருக்கும் நல்லாத்தான் ஆவுது. என் தோலுதான் சீக்குத் தோலு. ஒண்ணும் தாங்காது." அக்கம்பக்கத்தில் சொன்னாள். கல்யாண வீடுகளில் சொன்னாள். வெயிலில் போகமாட்டாள். புதுச் சோப்பு போடமாட்டாள். மாதா கோயில் தெரு ஆரோக்கியம்மாளுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்ததும் வீட்டுக்கே போய், "உனக்கு என்னை மாதிரி ஆவாது, பயப்படாத, எனக்குத் தோலு அப்பிடி" என்று தைரியம் சொல்லிவிட்டு வந்தாள். ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில் இருந்தேன்.

அவள் என்னைச் சந்தேகப்பட்டாளா என்று பலநாள் யோசித்திருக்கிறேன். நான் கோடு போட்டது அவளுக்குத் தெரியும். டாக்டரிடம் நான் இல்லை என்றது தெரியும். ஆனால் கோட்டுக்கும் புண்ணுக்கும் அவள் முடிச்சுப் போடவில்லை. என் கோடு தப்பாது என்று அவளும் நம்பியிருந்தாள்.

2011 கார்த்திகையில், தானே புயலுக்கு முந்தின மாதம், அந்தப் பட்டையின் ஓரத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. மறுபடி சிதம்பரம். பழைய டாக்டர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். இப்போது அறிவுமதி என்று ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். அந்தோணிசாமி இருந்தார். தலை நரைத்திருந்தது. தில்லையைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"யக்கா, இங்க எதுக்கு வந்த? இது என்ன மாமியா வீடா?"

"நீ கூப்புடலன்னாலும் நான் வருவேன் தம்பி. பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை வெச்சியா?"

"வெக்காதது தப்புதான்." சிரித்தார். ஆனால் அவர் கண் அவள் கழுத்தோரம் போய்விட்டுத் திரும்பியது.

அறிவுமதி பழைய ஃபைலை வரவழைத்துப் படித்தார். ஸ்கேன் பார்த்தார். கட்டி வேறெங்கும் பரவவில்லை, ஆனால் எலும்போடு ஒட்டியிருப்பதால் கத்தி வைக்க முடியாது என்றார். "சின்னதா ஒரு கட்டம் போட்டு, கொஞ்சமா, பதினஞ்சு நாள் கரண்டு வெச்சுப் பாக்கலாம். வெச்சா கட்டி வளராம நிக்கிறதுக்கு வாய்ப்பு இருக்கு."

தில்லைக்கு முகம் தெளிந்தது. "என் தோலு தாங்குமா டாக்டரம்மா? போன தடவையே தாங்கல."

"அதான் யோசிக்கிறேன்," என்றார் அறிவுமதி. விரலால் அந்தப் பட்டையைத் தொட்டுப் பார்த்தார். "வெளியில ஆறிடுச்சு. ஆனா ஒரு தடவ வாங்கின தோலு பழைய தோலு ஆவாதும்மா. உள்ள ரத்தக் கொழாயெல்லாம் சுருங்கிப் போயிருக்கும். முதல் தடவ தாங்கினதுல பாதி கூட ரெண்டாவது தடவ தாங்காது. ஏற்கெனவே எவ்ளோ வாங்கியிருக்கோ, அதப் பொறுத்து இருக்கு. ஃபைல்ல ஒரு நாளைக்கு ரெண்டு அளவு, மொத்தம் அம்பதுன்னு இருக்கு. அம்பதுன்னா இன்னும் கொஞ்சம் குடுக்கலாம்."

"அம்பதுக்கு மேல இருந்தா?" என்று கேட்டேன்.

"மேல இருந்தா வைக்கவே கூடாது. புண்ணு வந்தா மூடாது. உள்ள எலும்பு வரைக்கும் போயிடும்."

உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். நான் வராந்தாவில் நின்றேன். பதினைந்து நாள் வைத்தால் கட்டி நிற்கலாம். நான் வாயைத் திறந்தால் அந்தப் பதினைந்து நாள் இல்லை. திறக்காவிட்டால் அவள் உடம்பில் மூடாத ஒரு துளை. இவை இரண்டையும் நான் அந்த வராந்தாவில் எவ்வளவு நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை. ஒரு அம்மாள் தூக்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள். யாரோ வார்டு எங்கே என்று கேட்டார்கள், கையைக் காட்டினேன்.

உள்ளே போனபோது அந்தோணிசாமி முதல் இரண்டு கோடுகளைப் போட்டுவிட்டிருந்தார். ஊதா மை இன்னும் ஈரமாக இருந்தது. தில்லை கையைப் பாதி தூக்கிக்கொண்டு படுத்திருந்தாள்.

"டாக்டர், ஃபைல்ல இருக்கிறது சரியில்ல," என்றேன்.

சொன்னேன். சாவு, குளியல், நோட்டு, கோட்டுப்பேனா. கையைத் தொங்கவிட்டு அளந்தது, தூக்கவைத்து வரைந்தது. சொல்லும்போது தில்லை இருந்த பக்கம் பார்க்கவில்லை.

அறிவுமதி திட்டவில்லை. ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். "வரைஞ்சி காட்டுங்க." வரைந்தேன். கை நடுங்கவில்லை. இப்போதும் அது என்னை வெட்கப்பட வைக்கிறது. இரண்டு கட்டம், நடுவே ஒரு சென்டிமீட்டர் பட்டை.

"எத்தன நாளு?"

"எட்டு நாளு. பதினொண்ணுலேருந்து பதினெட்டு வரைக்கும்."

அவர் கூட்டினார். "எட்டு நாளைக்குப் பதினாறு கூட. மொத்தம் அறுபத்தாறு. அதுவும் ஒரே நாள்ல ரெண்டு மடங்கா வாங்கினா தோலுக்கு அது வெறும் ரெண்டு மடங்கு இல்ல. அதவிட ஜாஸ்தி." தாளில் அந்தப் பட்டையின் மேல் விரலை வைத்தார். "அந்தப் பட்டைய விட்டுட்டு வைக்கலாம்னா, கட்டி இருக்கிறதே அங்கதான்." பேனாவை மூடினார். "வேணாம். மாத்திரையும் ஊசியும் பாப்போம். எவ்ளோ நாளு கேக்குதோ அவ்ளோ நாளு."

அந்தோணிசாமி மைப்புட்டியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். "நானு தப்பா வெச்சிட்டேன்னுதான் சார் நெனச்சேன்," என்றார் மெதுவாக. "அந்தப் பெரிய டாக்டரு ரெண்டு மாசம் என்னை மெஷின்ல நிக்க விடல. இப்பவும் ஒவ்வொரு பேஷண்டுக்கும் கட்டத்த மூணு தடவ அளக்கறேன். எல்லாரும் சிரிக்கிறாங்க."

தில்லைதான் மேசையிலிருந்து எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "தம்பி, மன்னிச்சிக்கப்பா" என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள். பஸ் புதுச்சத்திரம் தாண்டியது. அந்த நாட்களில் மழை பெய்து இருபுறமும் வயலில் தண்ணீர் நின்றது.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"அப்பவே. கரண்ட நிறுத்தி வெச்சாங்களே, அந்த நாள்ல."

ஆலப்பாக்கத்தில் பஸ் நின்று, ஆள் ஏறி, கிளம்பியது.

"டாக்டரு கேட்டப்ப நானும்தான் சும்மா இருந்தேன். அது போவட்டும்." ஜன்னலைப் பார்த்தே பேசினாள். "அஞ்சு வருசமா என் தோலத் திட்டிக்கிட்டுக் கெடந்தேன் மாமா. ஊரெல்லாம் சொன்னேன். சீக்குத் தோலு, சீக்குத் தோலுன்னு. நீங்க பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

"ஆமா."

"ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, அப்பிடிச் சொல்லாத தில்லைன்னு சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம். அதற்கு எந்த நோட்டும் தேவையில்லை.

வீட்டுக்கு வந்து, விளக்கைப் போட்டு, அவள் கண்ணாடி முன் நின்றாள். காறை எலும்பின் கீழே அந்தோணிசாமி போட்ட இரண்டு ஊதாக் கோடுகள் முழுக்கட்டம் ஆகாமல் அப்படியே நின்றன.

"இது இருக்கணுமா இனிமே?"

"வேணாம்."

"அப்பக் குளிக்கலாம்."

துண்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வாளி நிரம்பும் சத்தம். முதல் சொம்பு, இரண்டாவது சொம்பு. நான் கூடத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றேன். முதுகுக்கு ஊற்றக் கூப்பிடுவாள்.

தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. வாளி தீர்ந்து, குழாயை மறுபடி திறந்தாள். ஒற்றைக் கையால் எப்படி ஊற்றிக்கொள்கிறாள் என்று தெரியவில்லை. கூப்பிடவில்லை.